அறுபத்து நான்கு பால் மையங்களும் ஒரு பழைய சாவியும்

1. புதன்கிழமை மாலை

புதன்கிழமை மாலை ஆறு மணிக்குத் தவமணி சார் போன் செய்தார். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் பால் வாங்கும் ஒரு தனியார் நிறுவனத்தின் கள மேலாளர் அவர். அறுபத்து நான்கு கொள்முதல் மையங்கள் அவர் பொறுப்பில் இருந்தன. ஒவ்வொரு மையத்திலும் பாலை எடை போட்டு, கொழுப்பு பார்த்து, சீட்டு அடித்துக் கொடுக்கும் ஒரு மெஷின் உண்டு. அந்த மெஷின்கள் கணக்கை அனுப்பும் சர்வரைப் பார்த்துக்கொள்வது, காளவாசலில் உள்ள எங்கள் சிறிய நிறுவனம். அங்கே சர்வர்களுக்குப் பொறுப்பு நான்.

"ஏம்மா, மூணு சென்டர்ல மிஷின் பால் எடுக்க மாட்டேங்குதாம். என்னான்னு பாருங்க."

நான் திரையைப் பார்த்தேன். நாங்கள் பார்த்துக்கொள்ளும் நூற்று எண்பது டொமைன்களுக்கும், அதாவது இணைய முகவரிகளுக்கும், நேரே பச்சை விளக்கு எரிந்தது. பாலுக்கும் பச்சைதான்.

"எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார். அந்த ஊர்ல சிம் சிக்னல் இருக்கான்னு பார்க்கச் சொல்லுங்க."

"மூணு ஊர்லயும் ஒரே நேரத்துல சிக்னல் போகுமா?"

"போகலாம் சார்."

இந்தப் பதிலை நான் யோசித்துச் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை பதினொன்றரை மணிக்குத்தான் பால் சர்வரைப் புதிய இடத்துக்கு மாற்றி, புதிய சர்டிபிகேட் போட்டிருந்தேன். இரண்டு நாள் ஒரு புகாரும் வரவில்லை. என் வேலையில் கோளாறு என்றால் திங்கட்கிழமை மதியமே தெரிந்திருக்க வேண்டும் என்பது என் கணக்கு. லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

2. பூட்டுப் போடும் வேலை

எங்கள் வீடு செல்லூரில். அப்பா விசைத்தறியில் வேலை செய்கிறார், அம்மா நூல் சுற்றுகிறார். இருவரும் பள்ளிக்கூடத்துக்குப் போனதில்லை. பள்ளிப் படிப்பை முடித்தவள், கல்லூரிக்குப் போனவள், பெயருக்கு முன்னால் பொறியாளர் என்று போட்டுக்கொள்பவள் என்று எங்கள் குடும்பத்தில் எல்லாவற்றுக்கும் நான்தான் முதல். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று தெருவில் யாராவது கேட்டால் அம்மா, "கம்ப்யூட்டருக்குப் பூட்டுப் போடுறா" என்பார். அதைவிடச் சுருக்கமாக என்னாலும் சொல்ல முடியாது. ஓர் இணையதளத்தைத் திறக்கும்போது முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுக்குப் பின்னால் இரண்டு கோப்புகள் உண்டு. ஒன்று சர்டிபிகேட். இது இன்ன நிறுவனத்தின் தளம்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவது. இன்னொன்று பிரைவேட் கீ. நாங்கள் சாவி என்போம். அது சர்வரை விட்டு வெளியே போகவே கூடாது. சர்டிபிகேட்டுக்கு ஆயுள் உண்டு. தேதி முடிந்தால் தளம் அப்படியே இருந்தாலும் பிரவுசர் அபாய எச்சரிக்கை காட்டி வருகிறவரை விரட்டிவிடும்.

நான் சேர்ந்தபோது இந்தப் புதுப்பித்தல் வேலையைக் கணேசன் அண்ணன் கையால் செய்துகொண்டிருந்தார். நீளமான நோட்டு ஒன்று வைத்திருந்தார். டொமைன் பெயர், எந்த சர்வர், முடியும் தேதி, குறிப்பு என்று நான்கு கட்டங்கள். காலையில் வந்ததும் நோட்டைப் புரட்டி, இந்த வாரம் யாருக்கு முடிகிறது என்று பார்த்து, ஒவ்வொன்றாகப் புது சர்டிபிகேட் வாங்கி ஏற்றுவார். ஆண்டுக்கு ஒரு முறை என்றிருந்தவரை அது ஓடியது. சர்டிபிகேட்டின் ஆயுளை உலகம் முழுவதும் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். சில மாதங்களுக்கு ஒரு முறை நூற்று எண்பதையும் கையால் மாற்ற யாராலும் முடியாது.

பழைய சர்வர்களிலிருந்து எல்லாவற்றையும் புதிய கிளவுடுக்கு மாற்றி, புதுப்பித்தலை ஸ்கிரிப்ட் என்ற சிறு நிரலே செய்யும்படி எழுதித் தருகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் இரண்டு கேள்விதான் கேட்டார்.

"எத்தன நாள் ஆகும்?"

"ரெண்டு மாசம் சார்."

"ஏதாச்சும் நின்னா யாரு பொறுப்பு?"

"நான் சார்."

3. குறிப்பு என்ற கட்டம்

ஸ்கிரிப்டுக்குப் பட்டியல் வேண்டும். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் போனில் படம் எடுத்துக்கொண்டு எக்செல்லில் ஏற்றினேன். முதல் மூன்று கட்டங்களில் தொல்லை இல்லை. நான்காவது கட்டம் வேறு உலகமாக இருந்தது.

ஜவுளிக்கடை: வெள்ளிக்கிழமை கூடாது. நகைக்கடை: அஷ்டமி, நவமி கூடாது. கல்யாண மண்டபம்: ராகு காலம் பார்க்கவும். பள்ளிக்கூடம்: தாளாளர் அம்மாவைக் கேட்காமல் தொடக் கூடாது. பால்: சாவி மாற்றக் கூடாது. ஓட்டல்: ஆடியில் எதுவும் வேண்டாம்.

"அண்ணே, சர்டிபிகேட்டுக்கு எதுக்கு ராகு காலம்?"

"எனக்கென்னத்தா தெரியும். அவுக சொல்றாக, நான் எழுதி வச்சிருக்கேன். மண்டபத்து ஓனர் காலண்டர்ல நல்ல நேரம் பாத்துச் சொன்னாத்தான் சர்வரத் தொடவே விடுவாரு."

"பாலுக்குச் சாவி மாத்தக் கூடாதுன்னு இருக்கே, அது யாரு சொன்னது?"

"அது எனக்கு முன்னாடி இருந்தவரு எழுதினது. நான் வந்து அஞ்சு வருசமாச்சு. பழைய சாவிய வச்சே சர்டிபிகேட் மட்டும் புதுசா வாங்கிப் போட்டுட்டு வாரேன்."

"அம்புட்டு வருசமா ஒரே சாவியா? அது திருட்டுப் போனாக் கூட நமக்குத் தெரியாதுண்ணே."

"அப்ப மாத்திக்க. நானா வேணாங்குறேன்?"

ஸ்கிரிப்டுக்கு அஷ்டமி தெரியாது. நான்காவது கட்டத்தை எக்செல்லில் முழுவதுமாக விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை புதுப்பிக்கும்போதும் புதுச் சாவி உருவாக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டில் எழுதினேன். அதுதான் பாதுகாப்பான முறை என்று படித்திருந்தேன். இன்றும் பொதுவாக அதுதான் சரி. அந்த வாரக் கூட்டத்தில், "இனிமே நம்ம சர்டிபிகேட்டுக்கெல்லாம் ஜாதகம் பார்க்க வேண்டாம் சார்" என்று சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். கணேசன் அண்ணனும் சிரித்தார்.

இன்னும் இரண்டு காரியங்கள் செய்தேன். சர்வர்களில் கைவைக்கும் அனுமதியை என்னைத் தவிர எல்லோரிடமிருந்தும் எடுத்தேன். ஸ்கிரிப்ட் செய்யும் வேலையில் யாரும் குறுக்கே கைவைக்கக் கூடாது என்பதற்காக. அடுத்து, மாற்றி முடித்த பழைய சர்வர்களைத் தானாகவே அழிக்க ஒரு வேலையை நேரம் குறித்து வைத்தேன். அதில் கடைசித் தொகுதி, பால் சர்வரையும் சேர்த்துப் பன்னிரண்டு. குறித்த நேரம் வியாழக்கிழமை காலை ஏழரை. ஆபீஸ் நேரத்துக்கு முன்பே சுத்தமாக முடிந்துவிட வேண்டும் என்று நினைத்தேன்.

4. கடைசியாக அனுப்பியது

வியாழக்கிழமை விடிந்தும் விடியாமல் முதலாளி கூப்பிட்டார்.

"பாண்டிச்செல்வி, இருபத்தேழு சென்டர் நிக்குதாம். தவமணி கத்துறாரு. நேர்ல போய்ப் பாத்துட்டு வந்துரு."

லேப்டாப்பைப் பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டியில் கிளம்பினேன். காளவாசல் தாண்டித் தேனி ரோட்டில் செக்கானூரணிக்கு அந்தப் பக்கம் ஒரு மையம். போய்ச் சேர ஆறே முக்கால் ஆகிவிட்டது. கேன்களும் தூக்குவாளிகளுமாக நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மையத்தின் பொறுப்பாளர் முத்துமாரி அக்கா. என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருப்பார்.

"இந்தா, ஆபீசுல இருந்து ஆள் வந்திருச்சு. வழி விடுங்க" என்றார் அக்கா.

"ஆளா? ஒரு புள்ளயவில்ல அனுப்பியிருக்காக" என்றார் வரிசையில் நின்ற ஒருவர்.

"புள்ளயா இருந்தா ஒனக்கென்ன மாப்ள, நீயா பாக்கப்போற? ஒனக்கு டிவி ரிமோட்டுக்கே ஆள் வேணும்" என்றார் அவருக்குப் பின்னால் நின்றவர்.

இரண்டு கேன்களோடு நின்ற ஒரு பெண் என்னைப் பார்த்து, "ஏத்தா, மிஷினு நின்னுபோச்சுன்னு மாட்டுக்கிட்ட யாரு சொல்றது? அது சாயங்காலமும் கறக்கத்தான் செய்யும்" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

முத்துமாரி அக்கா ஒரு கேனைத் தட்டில் வைத்துக் காட்டினார். மெஷின் எடை காட்டவில்லை. திரையில் 'மெமரி ஃபுல்' என்று மட்டும் வந்தது.

"கையால அளந்து நோட்டுல எழுதிக்க முடியாதாக்கா?"

"எழுதலாம். டேங்கர்காரர் எடுக்க மாட்டாரே. மிஷின் சீட்டு இல்லாத பால ஏத்தக் கூடாதுன்னு கம்பெனி ரூல். எட்டு மணிக்கு வந்துருவாரு."

மெஷினின் பின்பக்கம் சர்வீஸ் மெனு இருந்தது. நோண்டிப் பார்த்ததில் ஒரு வரி கிடைத்தது. சர்வருக்குக் கடைசியாகக் கணக்கு அனுப்பியது: திங்கள் காலை 8.12.

அந்த வரியைப் பார்த்ததும் எனக்கு எல்லாம் வரிசையாகப் புரிந்தது. திங்கள் பதினொன்றரைக்கு நான் சர்டிபிகேட் மாற்றினேன். அதற்குப் பிறகு ஒரு மெஷின்கூட சர்வரோடு பேசவில்லை. சிக்னல் இல்லாத நேரத்துக்கென்று மெஷினுக்குள் சில நூறு கணக்குகளைச் சேர்த்து வைக்க இடம் உண்டு. பேச முடியாத மெஷின்கள் அங்கே சேர்த்துக்கொண்டே போயிருக்கின்றன. ஆள் அதிகம் வரும் மையங்களில் புதன்கிழமையே இடம் நிரம்பிவிட்டது. அந்த மூன்றுதான் நேற்று நின்றவை. நடுத்தர மையங்கள் இன்று. மிச்சம் இருப்பவை நாளை நிற்கும். கணக்கு வரத் தாமதமாவது இந்த ஊர்களில் சாதாரணம் என்பதால் பால் நிறுவனத்திலும் யாரும் சந்தேகப்படவில்லை.

என் பச்சை விளக்கு பொய் சொல்லவில்லை. பிரவுசர் பார்ப்பதுபோல அது பார்த்தது. முறையான சர்டிபிகேட் எதுவானாலும் பிரவுசர் ஏற்கும். இந்த மெஷினைச் செய்தவர்கள் வேறு மாதிரி செய்திருக்க வேண்டும். ஒரே ஒரு சாவியின் அடையாளத்தை அதற்குள் பதித்து, வேறு சாவியோடு எந்த சர்வர் வந்தாலும் பேசாதே என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். போனை எடுத்து நோட்டுப் படங்களைத் தேடினேன். பள்ளிக்கூடத்துக்கும் ஓட்டலுக்கும் நடுவில் அந்த வரி இருந்தது: சாவி மாற்றக் கூடாது.

மணி ஏழு ஒன்பது. பழைய சாவியின் ஒரே பிரதி, ஏழரைக்கு அழியப்போகும் சர்வரில் இருந்தது. அது போய்விட்டால் அறுபத்து நான்கு மெஷின்களையும் ஒவ்வொன்றாகப் பிரித்து உள்ளே இருப்பதை மாற்ற வேண்டும். மெஷினைச் செய்து கொடுத்த கம்பெனி மூடி வெகுநாளாகிவிட்டது.

5. பஸ் நிறுத்தம்

மெஷினுக்குக் கூரைமேல் தனி ஆன்டெனா உண்டு, என் போனுக்கோ மையத்துக்குள் நெட் வரவில்லை. ஒரே ஒரு கோடு வந்து வந்து போனது. பேச மட்டும் முடிந்தது. கணேசன் அண்ணனைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, பழைய பால் சர்வர் ஏழரைக்கு அழிஞ்சிரும். உடனே உள்ள போய் நிப்பாட்டுங்க."

"எப்படித்தா போறது? எனக்கு எங்க அனுமதி வச்சிருக்க? நீதான் எல்லார்ட்ட இருந்தும் எடுத்துட்டியே."

"முதலாளி?"

"அவரோடதையும் சேத்துத்தான் எடுத்த."

அவர் குத்திக்காட்டவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார். எனக்குத்தான் காது சுட்டது.

"நெட்டு எங்கக்கா கிடைக்கும்?" என்று முத்துமாரி அக்காவிடம் கேட்டேன்.

"ரோட்டு மேல பஸ் ஸ்டாப்புக்குப் போங்க. எங்க ஊர்ல எல்லாரும் அங்கிட்டுப் போய்த்தான் போன் பேசுவாக. டேங்கர் வந்தா நான் நிப்பாட்டி வைக்கிறேன்."

"எம்புட்டு நேரம் நிப்பாட்டுவீங்க?"

"டீ வாங்கிக் குடுத்தா கால் மணி நேரம். வடையும் சேத்துன்னா அரை மணி."

பஸ் நிறுத்தத்தில் லேப்டாப்பை ஸ்கூட்டி சீட்டின்மேல் வைத்துத் திறந்தேன். போன் நெட்டில் கிளவுடின் பக்கம் திறக்க நேரமெடுத்தது. உள்ளே நுழையப் போனுக்கு ஒரு எண் வர வேண்டும். முதல் எண் வந்து சேர்வதற்குள் காலாவதியாகிவிட்டது. இரண்டாவது எண்ணோடு உள்ளே போனபோது மணி ஏழு முப்பத்தொன்று. அழிக்கும் வேலை தொடங்கியிருந்தது. பன்னிரண்டில் நான்கு போயிருந்தன, ஐந்தாவது போய்க்கொண்டிருந்தது. பால் எட்டாவது. நிறுத்தினேன்.

பழைய சாவியை எடுத்துப் புதிய சர்வரில் வைத்தேன். அதே சாவிக்குப் புது சர்டிபிகேட் வாங்கினேன். இனிமேல் பாலுக்கு மட்டும் இருக்கும் சாவியையே பயன்படுத்து என்று ஸ்கிரிப்டில் சொன்னேன். அது ஒரே ஒரு வரி. அப்படி ஒரு வசதி அதில் முதலிலிருந்தே இருக்கிறது.

மையத்துக்குத் திரும்பியபோது எட்டேகால். டேங்கர் ஓட்டுநர் வண்டியில் சாய்ந்து வடை தின்றுகொண்டிருந்தார். மெஷின் பீப் பீப் என்று சேர்த்து வைத்த கணக்கையெல்லாம் அனுப்பிக்கொண்டிருந்தது. இரண்டு நிமிடத்தில் இடம் காலியானது. முத்துமாரி அக்கா முதல் கேனைத் தட்டில் வைத்தார். எடை வந்தது, சீட்டு வந்தது.

"புள்ள பாத்துருச்சுல்ல" என்றார் பின்னால் நின்றவர். முன்னால் நின்றவர் கேனைத் தூக்கிக்கொண்டு தட்டை நோக்கிப் போனார்.

அந்த மையத்துப் பால் டேங்கரில் ஏறியது. எல்லா இடத்திலும் முத்துமாரி அக்கா இல்லை. டேங்கர் முன்னதாகவே வந்து போய்விட்ட பதினோரு ஊர்களில் அன்று காலைப் பால் வீட்டுக்குத் திரும்பிப் போனது. கொஞ்சம் டீக்கடைகளுக்குப் போயிருக்கும். மிச்சத்தைத் தயிராகத் தோய்த்திருப்பார்கள், அல்லது கொட்டியிருப்பார்கள்.

6. இரண்டு கடிதங்கள்

நடந்ததற்கு எழுத்தில் விளக்கம் வேண்டும் என்று தவமணி சார் கேட்டார். மறுநாள் காலை முதலாளி ஒரு கடிதத்தை என் மேசையில் வைத்தார். கையெழுத்துப் போட்டிருந்தார். தவிர்க்க இயலாத நெட்வொர்க் கோளாறு, இனி நிகழாது என்று இருந்தது.

"சார், நெட்வொர்க் நல்லாத்தான இருந்துச்சு."

"எனக்குத் தெரியாதா? உண்மைய எழுதினா நம்ம ஆட்டோமேஷன்னாலதான் நின்னுச்சும்பாக. எல்லாத்தையும் பழையபடி கையாலயே செய்யச் சொல்லுவாக. உன் ரெண்டு மாச வேலை போயிரும். உனக்காகத்தாம்மா சொல்றேன்."

அவர் சொன்னதில் எனக்கு வேண்டியதும் இருந்தது. அந்த ஸ்கிரிப்டை நான் இழக்க விரும்பவில்லை. எங்கள் நிறுவனத்தில் யாருக்கும் எழுதத் தெரியாத ஒன்றை நான் எழுதியிருந்தேன். ஆனால் நெட்வொர்க் என்று எழுதினால், தப்பு என்னவென்றே தெரியாதவளாகத்தான் அந்தக் காகிதத்தில் நான் நிற்பேன். அதற்கு மனம் வரவில்லை. இதை நேர்மை என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். என் வேலை எனக்குத் தெரியும் என்ற கர்வம்தான் காரணம்.

ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சாவி மாற்றியது நான், நோட்டுக் குறிப்பை விட்டது நான், மூன்று மையங்கள் நின்றபோது சிக்னல் என்று சொன்னது நான், மெஷினுக்குள் சாவி பதிந்திருக்கிறது, இனி இன்னது செய்வோம் என்று எல்லாவற்றையும் எழுதிக் கீழே கையெழுத்துப் போட்டேன். முதலாளி படித்துவிட்டுத் தன் கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு, "வா, நானும் வாரேன்" என்றார்.

தல்லாகுளத்தில் பால் நிறுவனத்தின் ஆபீஸ். தவமணி சார் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"அப்ப சிக்னல் இல்ல?"

"இல்ல சார். நான் பார்க்காம சொன்னேன். தப்பு."

அவர் எழுந்து பீரோவைத் திறந்து, ஒரு பழைய ஃபைலை எடுத்து, ஒரு காகிதத்தைத் தேடி எங்கள் முன்னால் வைத்தார். எங்கள் நிறுவனத்தின் லெட்டர்பேட்.

"இந்த மிஷினு வாங்கின புதுசுல இதே மாதிரி ரெண்டு நாள் நின்னுச்சும்மா. அப்ப நீங்க குடுத்த கடுதாசி."

தவிர்க்க இயலாத நெட்வொர்க் கோளாறு, இனி நிகழாது என்று அதிலும் இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து. முதலாளி அதைக் கையில் எடுக்கவில்லை, குனிந்து பார்த்தார்.

"அப்ப இருந்த இன்ஜினியர் சாவிய மாத்தினதுதான் காரணம்னு சொன்னாரு" என்றார். "நான்தான் நெட்வொர்க்னு போடச் சொன்னேன்."

தவமணி சார் பழைய கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இத அன்னைக்கே எழுதியிருந்தா இந்த மிஷினையே மாத்தியிருப்பேனே சார். இம்புட்டு வருசமா இது ஒரு சாவிய நம்பி ஓடுதுன்னே எனக்குத் தெரியாதே." என் பக்கம் திரும்பினார். "கையால எல்லாம் செய்ய வேணாம். உங்க ஸ்கிரிப்ட் ஓடட்டும். ஆனா எந்த மிஷின மொதல்ல மாத்தணும்னு ஒரு பட்டியல் போட்டுக் குடுங்க." இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் பின் அடித்து ஃபைலில் வைத்தார்.

மெஷின்களை இப்போது ஒவ்வொரு மையமாக மாற்றி வருகிறார்கள். அழிக்கும் வேலை எதுவானாலும் முப்பது நாள் காத்திருக்கும், இரண்டு பேர் சம்மதித்தால்தான் நடக்கும். கணேசன் அண்ணனுக்கு அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டியலில் குறிப்பு என்ற கட்டம் மறுபடியும் இருக்கிறது. அதற்குப் பக்கத்தில் 'ஏன்' என்று இன்னொரு கட்டம் சேர்த்திருக்கிறேன். அது காலியாக இருந்தால் ஸ்கிரிப்ட் ஓடாது. கல்யாண மண்டபத்துக்கு நேரே, ஓனருக்கு நம்பிக்கை உண்டு என்று எழுதியிருக்கிறேன். அதுவும் ஒரு காரணம்தான். அவருக்கு மட்டும் ஸ்கிரிப்ட் ராகு காலத்தை விட்டு ஓடுகிறது. அதற்கு எனக்கு ஐந்து நிமிட வேலைகூட ஆகவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இதுதான். ஒன்றைச் செய்யக் கூடாது என்று எழுதினால், ஏன் என்பதையும் எழுதுங்கள். உங்களுக்கு அவமானமாக இருந்தாலும் எழுதுங்கள். காரணம் எழுதாத விதியை அடுத்து வருகிறவர் மூடநம்பிக்கை என்றுதான் நினைப்பார். நான் அப்படித்தான் நினைத்தேன். பதினோரு ஊர்களில் பால் திரும்பிப் போனது.